கடலை இறைத்த முனிவரும் அக்காவின் போர்வையும்

மாமல்லபுரத்தில் ஸ்தலசயனப் பெருமாள் சந்நிதியில் நிற்கும்போதெல்லாம் என் கண்கள் முதலில் அவர் பள்ளிகொண்டிருக்கும் தரைக்கே போகும். திருவரங்கத்தில் அரவணை உண்டு, திருவனந்தபுரத்திலும் உண்டு. நூற்றெட்டுத் திவ்ய தேசங்களுள் ஒன்றான இந்தத் திருக்கடல்மல்லையிலோ, ஆதிசேஷன் இல்லாமல் வெறுந்தரையில் எம்பெருமான் சயனித்திருக்கிறார். துணியும் ஊசியுமாகப் பழகியவள் நான். ஒருவர் தரையில் படுத்திருக்கக் கண்டால், ‘ஒரு விரிப்புக்கூட இல்லையே’ என்றுதான் முன்பெல்லாம் எனக்குத் தோன்றும். அந்த எண்ணம் மாறியதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. அதில் என் பிழையும் இருக்கிறது. எழுபதை நெருங்கும் வயதில் அதைச் சொல்லிவிடுவது நல்லது என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

நான் செங்கற்பட்டில் வசிப்பவள். வங்கியில் அதிகாரியாக இருந்து 2017-ஆம் ஆண்டு ஓய்வு பெற்றேன். பணியில் இருந்த முப்பத்தெட்டு ஆண்டுகளும் அம்மாவின் உஷா தையல் மிஷின் கூடத்து மூலையில் உறை போட்டபடி கிடந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றிரண்டு கிழிசலைத் தைப்பதோடு சரி. ஓய்வு பெற்ற மறுவாரமே உறையை எடுத்து, துடைத்து, எண்ணெய் விட்டு, புது பெல்ட் மாட்டினேன். அம்மா அப்போது எங்களோடுதான் இருந்தார். மிஷின் ஓடும் ஓசையைக் கேட்டதும், படுத்திருந்தவர் எழுந்து வந்து நாற்காலியில் அமர்ந்துகொண்டார்.

முதலில் தைத்தது எங்கள் தெரு அம்மனுக்கு, ஆடி வெள்ளிக்காக ஒரு மஞ்சள் பட்டுப் பாவாடை. அதைச் சாற்றிய அன்று கற்பூர ஒளியில் ஜரிகைக் கரை மின்னியதைப் பார்த்து எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. இத்தனை ஆண்டுகள் பிறருடைய பணத்தை எண்ணிய விரல்களுக்கு இப்படி ஒரு பாக்கியமா என்று நினைத்தேன். அந்தப் பாவாடையைக் கண்டவர்கள் ஒவ்வொருவராகக் கேட்கத் தொடங்கினார்கள். பஜனை மடத்துக்குத் திரைச்சீலை, பிள்ளையார் கோயில் உற்சவருக்குச் சிறிய வஸ்திரங்கள், கோலாட்டம் ஆடும் பன்னிரண்டு சிறுமியருக்கு ஒரே மாதிரிப் பாவாடை, கொலுப்படிகளுக்கு விரிப்பு. வீட்டிலும் கேட்பாருக்குக் குறைவில்லை. பேத்திக்குப் பட்டுப்பாவாடை, சம்பந்தி அம்மாளுக்கு ரவிக்கை, பழைய புடவைகளில் தலையணை உறை, தாம்பூலத்தோடு வைத்துக் கொடுக்கச் சுருக்குப் பைகள்.

யாரிடமும் முடியாது என்று சொல்ல எனக்கு வராது. போதாததற்கு, புதுத் துணியைக் கண்டால் கை தானாகக் கத்தரியைத் தேடும். ஒன்று முடியும் முன்பே இன்னொன்றை வெட்டிவிடுவேன். 2019-இல் ஒரு நாள் பீரோவைத் திறந்து எண்ணிப் பார்த்தேன். பாதியில் நின்றவை பத்தொன்பது! எந்தத் துணி எந்த வேலைக்கு வாங்கியது என்பதே சிலவற்றில் மறந்துபோயிருந்தது.

வங்கியில் ‘அனாமத்துக் கணக்கு’ என்று ஒன்று உண்டு. எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்று உடனே தெளிவாகாத தொகையைத் தற்காலிகமாக அதில் வைப்போம். விவரம் தெரிந்ததும் உரிய கணக்குக்கு மாற்றிவிட வேண்டும். தணிக்கைக்கு வருகிறவர்கள் அந்தக் கணக்கின் பழைய பதிவுகளை விடவே மாட்டார்கள். ‘இது ஏன் இத்தனை நாளாக இங்கேயே இருக்கிறது?’ என்று கேட்பார்கள். அன்று என் பீரோவின் முன் நின்றபோது நானே தணிக்கையாளராகவும் நானே குற்றவாளியாகவும் இருந்தேன். என் பீரோ ஓர் அனாமத்துக் கணக்காகிவிட்டது.

அதன் பிறகு சில ஏற்பாடுகளைச் செய்துகொண்டேன. கோயில் கைங்கரியமாகத் தைக்கும் சகோதரிகளுக்கு உதவும் என்பதால் அவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, ஒரு வேலைக்கு ஒரு மஞ்சள் பை. கல்யாண வீடுகளில் தேங்காயோடு வரும் பைகள் யார் வீட்டில் இல்லை? 2021 டிசம்பரில் தமிழக அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கியது. எங்கள் வீட்டில் அது இரண்டு ஆண்டுகள் முன்பே மீண்டுவிட்டது. வெட்டிய துணி, அதற்குப் பொருத்தமான நூல்கண்டு, லைனிங், கொக்கி, ஜரிகை நாடா எல்லாம் அந்தப் பையிலேயே இருக்கும். மேலே ஒரு துண்டுச் சீட்டு. ‘இடது பக்கம் மடித்தாயிற்று, அடுத்து நாடா கோக்க வேண்டும்’ என்பதுபோல, விட்ட இடத்தையும் தொட வேண்டிய இடத்தையும் அதில் எழுதிவிடுவேன். ஒரு மாதம் கழித்துப் பையைத் திறந்தாலும் மூளையைக் கசக்க வேண்டியதில்லை. நம் வயதில் இது பெரிய உதவி.

இரண்டாவது, வேலையின் வகையைப் பார்த்துச் சேர்த்துச் செய்வது. துணி வெட்டுவதற்குத் தரையில் விரித்துக் குனிய வேண்டும். முழங்கால் ஒத்துழைக்கும் நாளில் மூன்று வேலைகளுக்கும் சேர்த்து வெட்டிவிடுவேன். மிஷினில் சிவப்பு நூல் ஏற்றினால், திரைச்சீலையின் ஓரம், பாவாடையின் விளிம்பு, பேத்தியின் பை என்று சிவப்பு வேலை அத்தனையும் அன்றே. மறுநாள் பச்சை. கையால் செய்யும் ஹெம்மிங்கும் கொக்கி வைப்பதும் உபன்யாசம் கேட்டுக்கொண்டே செய்யத் தக்கவை.

மூன்றாவது, கண்ணுக்குத் தக்கபடி நேரத்தைப் பிரிப்பது. கறுப்பும் கருநீலமும் காலை வெளிச்சத்தில் மட்டும். மஞ்சள், வெள்ளை, சந்தன நிறங்களை மாலையில் விளக்கொளியிலும் தைக்கலாம். பேத்தி பள்ளிக்குப் போகும் முன் பத்து ஊசிகளில் நூல் கோத்து ஊசித் தலையணையில் குத்திவிட்டுப் போவாள். அன்றைய பாடு அதில் தீரும்.

நான்காவது, பஞ்சாங்கத்தைப் பார்த்து நாளைப் பின்னாலிருந்து எண்ணுவது. கொடியேற்றத்துக்கு ஏழு நாள் முன்பே வஸ்திரம் கோயிலில் இருக்க வேண்டும். ஆகவே இன்ன தேதிக்குள் வெட்ட வேண்டும், இன்ன தேதிக்குள் ஜரிகை வாங்க வேண்டும் என்று நோட்டில் குறித்துவிடுவேன். தைப்பதற்கு முன்பே அர்ச்சகரிடம் அளவையும் கேட்டுக்கொள்ள வேண்டும். அந்தக் கோயிலின் வழக்கத்தையும் கேட்டுக்கொள்ள வேண்டும். கோயிலுக்குக் கோயில் வழக்கம் மாறும்.

ஐந்தாவது, ஒரே சமயத்தில் மூன்று பைகளுக்கு மேல் திறந்திருக்கக் கூடாது. ஒன்று முடிந்து உரியவர் கைக்குப் போன பிறகே நான்காவதைத் தொடலாம்.

மீந்த துணிக்கும் வழி வைத்தேன். பட்டுத் துண்டுகள் விபூதிப் பைகளாயின. பழைய வேட்டிகள் கிழிந்து விளக்குத் திரிகளாயின. கரைத் துண்டுகளைச் சேர்த்துத் தொம்பைகள் செய்யக் கற்றேன். தேரிலும் பந்தலிலும் உருளை வடிவில் தொங்குமே, அதுதான் தொம்பை. கும்பகோணம் பக்கத்தில் துணியில் கையால் ஓவியம் தீட்டித் தொம்பையும் மேற்கட்டியும் செய்யும் கலைஞர்கள் தலைமுறைகளாக இருக்கிறார்கள். கருப்பூர்க் கலம்காரிக்கு 2021-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. என் கைவேலையை அதன் பக்கத்தில் வைக்க முடியாது. வண்ணத் துணிகளில் யானையும் அன்னமும் வெட்டி ஒட்டித் தைப்பேன், அவ்வளவே.

இந்த ஐந்து ஏற்பாடுகளால் இரண்டே ஆண்டுகளில் பத்தொன்பது பைகள் மூன்றாகச் சுருங்கின. நோட்டைப் புரட்டிப் பார்த்து நானே பெருமைப்பட்டுக்கொண்டேன். அந்தப் பெருமையில்தான் ஓட்டை இருந்தது.

2021-இல் அம்மா தொண்ணூற்றிரண்டு வயதில் பரமபதம் அடைந்தார். மறு ஆண்டு தை மாதம், அம்மாவின் முதல் திவசத்துக்கு வந்திருந்த அக்கா, அலமாரியில் மடித்து வைத்திருந்த அம்மாவின் புடவைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பதினொரு பருத்திப் புடவைகள். துவைத்துத் துவைத்து மல்லிகை இதழ்போல் ஆகிவிட்டவை.

“இதையெல்லாம் சேர்த்து எனக்கு ஒரு போர்வை தைச்சுக் கொடேன். கடையில வாங்குற கம்பளி உடம்புல குத்துது. மார்கழிக்குள்ள கொடுத்தாப் போதும்” என்றாள்.

“மார்கழி எதுக்கு அக்கா? ஆடிக்குள்ளேயே கொடுத்துடறேன்” என்றேன்.

அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். எனக்குத் தலை பின்னிவிட்டவள். அவள் வீடு திருக்கழுக்குன்றத்தில் இருந்தது. செங்கற்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் பேருந்து அந்த ஊர் வழியாகத்தான் போகும். வேதகிரீசுவரர் மலையில் உச்சிப் பொழுதில் கழுகுகள் வந்து அமுதுண்டு போகும் காட்சியை நாங்கள் இருவரும் சிறுவயதில் பார்த்திருக்கிறோம். வெயிலில் அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்கும். “இரு, வந்துடும்” என்று அக்கா என் தலைக்கு மேல் தன் தாவணியைப் பிடித்துக்கொள்வாள். கழுகுகள் இப்போது வருவதில்லை.

பதினொரு புடவைகளையும் ஒரு மஞ்சள் பையில் வைத்தேன். சீட்டும் எழுதினேன். நோட்டில் தேதிக்குரிய இடத்தை மட்டும் காலியாக விட்டேன். அக்கா காரியம்தானே, எப்போது வேண்டுமானாலும் செய்யலாம். அங்கேதான் தவறினேன். தேதி இல்லாத வேலை என்பதால், திறந்திருக்கும் மூன்று பைகளில் அது ஒருபோதும் இடம்பெறவில்லை. ஆடியில் அம்மனுக்குக் கூழ்வார்த்தல். புரட்டாசியில் கொலு. ஐப்பசி அவிட்டத்தில் பூதத்தாழ்வார் அவதார உற்சவம். அவர் திருக்கடல்மல்லையிலேயே அவதரித்தவர் அல்லவா? அதற்கென ஓர் அன்பர் கேட்ட மாலைப் பைகள். மார்கழியில் திருப்பாவை கோஷ்டிக் குழந்தைகளுக்குப் பாவாடை. ஒவ்வொன்றுக்கும் தேதி இருந்தது. ஒவ்வொன்றும் தெய்வ காரியம். “கோயில் வேலை இருக்குக்கா” என்று சொன்னால் அக்கா மறுபேச்சுப் பேச மாட்டாள். “அதை முதல்ல பாரு” என்பாள். அந்த வார்த்தையை அனுமதியாக எடுத்துக்கொண்டேன். அவளுக்கு அதைத் தவிர வேறு எதையும் சொல்ல நான் இடம் வைக்கவில்லை என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

அந்த மார்கழியில் அக்கா படுக்கையில் விழுந்தாள். உடல் தளர்ந்து, எழுந்து நடமாட முடியாத நிலை. அதற்குச் சில மாதங்கள் முன்பிருந்தே அவளைக் கவனித்துக்கொள்ள ஒரு பெண் இரவும் பகலும் உடனிருந்தாள்.

2023 மாசி மகத்துக்கு, மாமல்லபுரம் கடற்கரையில் பந்தல் போடும் அன்பர் குழு ஒன்று எட்டுத் தொம்பைகள் கேட்டிருந்தது. மகத்தன்று தீர்த்தவாரிக்காகப் பெருமாள் கடற்கரைக்கு எழுந்தருள்வார். இரவு பகலாகத் தைத்து, மகத்துக்கு முந்தின நாள் பையை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் புறப்பட்டேன். திருக்கழுக்குன்றம் வந்தபோது இறங்கவில்லை. உச்சி வேளைக்குள் ஒப்படைப்பதாகச் சொல்லியிருந்தேன்.

கடற்கரையில் அன்று கண்ட காட்சி ஒன்றைச் சொல்ல வேண்டும். மாசி மகத்துக்கு ஆண்டுதோறும் பல ஊர்களிலிருந்து இருளர் குடும்பங்கள் மாமல்லபுரக் கரையில் கூடித் தங்கள் கன்னியம்மனை வழிபடுவார்கள். மணலில் நான்கு கழிகளை நட்டு, சுற்றிலும் புடவைகளைக் கட்டி, அதையே குடிலாக்கிக் குழந்தை குட்டிகளோடு தங்குவார்கள். நான் கொண்டுபோன எட்டுத் தொம்பைகளும் பந்தலில் அழகாக ஆடின. சற்றுத் தள்ளி, வெளுத்த பச்சைப் புடவை ஒன்றின் நிழலில் ஒரு பாட்டி பேரக்குழந்தையைத் தூங்கவைத்துக்கொண்டிருந்தாள். ஒரு பழைய புடவை ஒரு வீடாகிவிட்டதே என்று வியந்தேன். வியந்ததோடு சரி. என் வீட்டு அலமாரியில் பதினொரு பழம்புடவைகள் இருப்பது அப்போதும் நினைவுக்கு வரவில்லை.

திரும்பும் வழியில் அக்கா வீட்டில் இறங்கினேன். என் கையில் காலிப் பை இருந்தது. அக்கா மெல்லக் கையை நீட்டிப் பையைத் தொட்டாள்.

“போர்வையா?”

“இல்லைக்கா. அடுத்த மாசம் கண்டிப்பா.”

“சரி. மெதுவா செய். கண்ணைக் கெடுத்துக்காதே” என்றாள். அவள் என்னிடம் பேசிய கடைசி வார்த்தை அது. ஒன்பதாம் நாள் அவள் இல்லை.

காரியங்கள் நடந்த நாட்களில் ஒரு மாலை, அக்காவைக் கவனித்துக்கொண்ட பெண் தயங்கித் தயங்கி என்னிடம் சொன்னாள்: “நீங்க வர்றீங்கன்னு தெரிஞ்சா, பெரியம்மா காலையிலேயே என்கிட்ட சொல்லிக் கட்டில்ல இருக்கிற துணியெல்லாம் எடுத்துவைக்கச் சொல்லுவாங்கம்மா. போர்வையை விரிச்சுப் பார்க்க இடம் வேணும்னு.”

அந்த வார்த்தைக்குப் பிறகு நான்கு மாதங்கள் ஊசியைத் தொடவில்லை.

ஆனி மாதத்தில் ஒரு நாள் மனம் ஆறாமல் மாமல்லபுரம் போய் ஸ்தலசயனப் பெருமாள் முன் நின்றேன். பலமுறை கேட்டிருந்த தல புராணம் அன்று எனக்கென்றே சொல்லப்பட்டதுபோல் இருந்தது. அன்பர்கள் அறிந்ததுதான். புண்டரீக மகரிஷி தாமரை மலர்களைப் பறித்துத் திருப்பாற்கடலில் பள்ளிகொண்ட பெருமாளின் திருவடியில் சேர்க்க விரும்பினார். குறுக்கே கடல். அதை வற்றச் செய்து வழி காண்பேன் என்று இரு கைகளாலும் நீரை இறைக்கத் தொடங்கினார். இரவும் பகலும் இறைத்தார். அப்போது ஒரு முதியவர் வந்து, பசிக்கிறது, உணவு வேண்டும் என்றார். முனிவர் இறைப்பதை நிறுத்திவிட்டு, உணவு கொண்டுவரப் போனார். திரும்பி வந்து பார்த்தால், அவர் பறித்து வைத்த தாமரைகளைச் சூடிக்கொண்டு பெருமாளே தரையில் பள்ளிகொண்டிருந்தார். உற்சவர் உலகுய்ய நின்றான் திருக்கரத்தில் தாமரை மொட்டை இன்றும் தரிசிக்கலாம்.

இதுவரை நான் இந்தக் கதையில் முனிவரின் விடாமுயற்சியையே கண்டிருந்தேன். கடலையே இறைக்கத் துணிந்த பக்தியை நினைத்து மெய்சிலிர்த்திருக்கிறேன். ஆனால் அவர் இறைத்துக்கொண்டே இருந்தபோது பெருமாள் கிடைக்கவில்லை. இறைப்பதை விட்டுவிட்டு ஒரு கிழவருக்குச் சோறு கொண்டுவரப் போனபோது கிடைத்தார். அவர் கையில் இருந்ததும் தெய்வ காரியம்தான். அதைவிடப் பெரிய தெய்வ காரியம் எது? ‘பெரியவரே, இந்தக் கடலை முடித்துவிட்டு வருகிறேன்’ என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ‘அடுத்த மாதம்’ என்று சொன்னவள் நான்.

திருக்குறிப்புத் தொண்ட நாயனாரும் நினைவுக்கு வந்தார். காஞ்சிபுரம் எங்களுக்குத் தொலைவில்லை. அடியார்களின் ஆடைகளை வெளுத்துக் கொடுப்பதே அவர் தொண்டு. குளிர்காலத்தில் ஒருநாள், மெலிந்த முதியவராக வந்த சிவபெருமான் ஓர் அழுக்குக் கந்தையைக் கொடுத்து, பொழுது சாய்வதற்குள் உலர்த்தித் தர வேண்டும் என்றார். ஒப்புக்கொண்டார். மழை விடாமல் பெய்தது. துணி உலரவில்லை; பொழுது சாய்ந்தது. குளிரில் நடுங்குபவருக்குச் சொன்ன சொல் பொய்த்ததே என்று கல்லில் தலையை மோதப் போனார். இறைவனின் திருக்கரம் வந்து தடுத்தது. வானமே வேலையைக் கெடுத்தபோதும் அவர் மழையைக் காரணமாகச் சொல்லிக்கொள்ளவில்லை. எனக்கோ எந்த மழையும் பெய்யவில்லை. கோயிலையே காரணமாகச் சொல்லிக்கொண்டேன். அதுதான் என்னை அதிகம் வாட்டியது.

ஆவணியில், ஊருக்கு அருகிலுள்ள பெருமாள் கோயிலில் பவித்ரோத்ஸவம் நடந்தது. ஆண்டு முழுவதும் பூஜைகளில் அறிந்தும் அறியாமலும் நேர்ந்த குறைகளுக்குப் பிராயச்சித்தமாக நடப்பது அந்த உற்சவம். மந்திரத்தால் சுத்தி செய்த நூல் மாலைகளைப் பெருமாளுக்குச் சாற்றுவார்கள். பொன்னும் மணியும் அல்ல, நூல். இழை இழையாக முறுக்கி, முடிச்சிட்ட நூல். குறை நேர்ந்தது என்று ஒப்புக்கொண்டு, அதை நூலாலேயே நிறைவு செய்ய நம் பெரியோர் வழி வைத்திருக்கிறார்கள். பெருமாள் திருமேனியில் அந்த மாலைகளைச் சேவித்துக்கொண்டு நின்றபோது, வீட்டுக்குப் போய் எந்தப் பையைத் திறக்க வேண்டும் என்று தெரிந்தது.

பதினொரு புடவைகளையும் கூடத்தில் விரித்தேன். நைந்த பகுதிகளை ஒதுக்கி, உறுதியான இடங்களில் சதுரங்களாக வெட்டினேன். முழுதாக நின்ற இரண்டை அடியில் வைத்தேன். கரைகளைப் பிரித்துச் சுற்றிலும் விளிம்பாக வைத்தேன். சுங்குடிப் புடவையின் புள்ளிகள் நடுவில் வந்தன. நான் முதன்முதலாக வங்கிக்குப் போன அன்று வாசலில் நின்று வழியனுப்பிய அம்மா உடுத்தியிருந்த கத்தரிப்பூ நிறப் புடவை ஒரு மூலையில் வந்தது. மிஷினில் ஓட்ட மனம் வரவில்லை. நாள்தோறும் காலை வெளிச்சத்தில், கையாலேயே ஓட்டுத் தையல் போட்டேன். அப்போது வேறு எந்தப் பையையும் திறக்கவில்லை. ஐப்பசியில் முடிந்தது. கணக்குப் பார்த்தால் நாற்பத்தொரு நாள். அக்கா எனக்குக் கொடுத்திருந்தது ஓராண்டுக்கும் மேல்.

இப்போதும் தைக்கிறேன். கோயில் கைங்கரியத்தைக் குறைத்துச் சொல்வதாக அன்பர்கள் எண்ண வேண்டாம். அம்மனுக்கு ஆடி வெள்ளிப் பாவாடை இந்த ஆண்டும் என் கையால்தான். மஞ்சள் பைகளும் துண்டுச் சீட்டும் அப்படியே இருக்கின்றன. நோட்டில் மட்டும் ஒரு பத்தி கூடியிருக்கிறது. ‘எந்தத் தேதிக்கு?’ என்ற பத்திக்குப் பக்கத்தில், ‘யார் காத்திருக்கிறார்?’ என்று எழுதியிருக்கிறேன். திறந்திருக்கும் மூன்று பைகளில் ஒன்று, கண்ணெதிரே காத்திருக்கும் ஒருவருக்காக எப்போதும் இருக்க வேண்டும். தேதி சொல்லாதவர்களுக்கு நானே ஒரு தேதி குறித்துவிடுகிறேன். வயதானவர்கள் கேட்டால் அந்தத் தேதி ஒரு மாதத்தைத் தாண்டாது. இந்த ஆறாவது ஏற்பாட்டை நான் முதலாவதாகச் செய்திருக்க வேண்டும்.

உங்கள் வீட்டு அலமாரியிலும் யாருக்கோ என்று எடுத்துவைத்த ஒரு துணி இருக்கலாம். துணியாக இல்லாவிட்டால், எழுத நினைத்த கடிதமாக, போய்ப் பார்க்க நினைத்த ஒரு வீடாக இருக்கலாம். வழிபாட்டு நேரத்தில் அரை மணியை அதற்குக் கொடுத்தால் பகவான் கோபித்துக்கொள்ள மாட்டார். அந்த வாசலில் அவரே வந்து நிற்கவும் கூடும்.

போர்வையை என்ன செய்தேன் என்று சொல்லவில்லையே! அக்காவின் மகனிடம் கொண்டுபோனேன். “நீங்களே வச்சுக்குங்க சித்தி” என்றான். எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்தத் தெருவிலேயே வேறொரு மூதாட்டியைக் கவனித்துக்கொள்ளச் சேர்ந்திருந்தாள் அந்தப் பெண். அவளைப் பார்க்கப் போனேன். பேச்சுவாக்கில், இரவில் எங்கே படுப்பாய் என்று கேட்டேன்.

“கட்டிலுக்குக் கீழேதாம்மா. பெரியம்மா வீட்லயும் அப்படித்தான். கூப்பிட்டா உடனே எழுந்திருக்கணுமே. தரைதான் வசதி” என்றாள்.

எட்டு மாதங்கள் அக்காவின் கட்டிலருகே அவள் வெறுந்தரையில் படுத்திருக்கிறாள். எத்தனையோ முறை போய்வந்தும் நான் அதைக் கேட்டதில்லை. பையைப் பிரித்துப் போர்வையை அவள் கையில் கொடுத்தேன். விரித்துப் பார்த்தவள், சுங்குடிப் புள்ளிகளைத் தடவி, “இது பெரியம்மா சொல்லிட்டே இருந்ததுதானேம்மா?” என்றாள். ஆமாம் என்றேன்.

அந்த வாரமே மாமல்லபுரம் போய்ச் சேவித்தேன். வழக்கம்போல் என் கண்கள் தரைக்குத்தான் போயின. விரிப்பு இல்லையே என்ற எண்ணம் அன்று எழவில்லை. தீர்த்தமும் துளசியும் பெற்றுக்கொண்டு, அடுத்த பேருந்தைப் பிடித்து வீடு திரும்பினேன். பக்கத்து வீட்டுப் பாட்டி ரவிக்கையில் கொக்கி வைத்துத் தரச் சொல்லியிருந்தார்.